வால் ஆளின் விசில்

வணக்கம். எல்லாரும் சுகம்தானே? கால்கள் சுகமா என்று தனியாகவும் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கதை முழுக்க ஒரு காலை நம்பித்தான் நிற்கிறது, அந்தக் கால் எப்போது மடங்கும் என்று எனக்கே தெரியாது.

கதை பிறந்த விதம் இதுதான். எங்கள் மலைநடைச் சங்கத்துச் செய்திமடலுக்கு, ஏற்றத்தில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டால் என்ன செய்வது என்று அரைப் பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். ‘நடப்பதை நிறுத்துங்கள். முட்டியை நீட்டி, கால்விரல்களை உங்கள் பக்கமாக மெதுவாக இழுத்துப் பிடியுங்கள். இறுக்கம் விட்டதும் தேய்த்துவிடுங்கள்’ என்று எழுதினேன். யாருடைய முட்டி என்று ஒரு யோசனை வந்தது. நோலீன் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

1

‘கருமேகம் கணவாயைத் தொடும் முன்பே நோலீனின்—’

வேண்டாம். மேகத்தை எல்லாரும்தான் எழுதுகிறார்கள். இப்படி வைத்துக்கொள்வோம்:

நோலீன் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். சங்கத்தில் அவள்தான் வால், அதாவது வரிசையின் கடைசி ஆள். அவளைத் தாண்டி யாரும் பின்னால் தங்கிவிட முடியாது. கழுத்தில், யாருக்காவது நடக்க முடியாமல் போனால் ஊதி எல்லாரையும் நிறுத்துவதற்கான விசில். அதை அவள் ஒரு பதவியாகவே நினைத்திருந்தாள். கால் தளர்ந்தவர்களை நாங்கள் வரிசையில் முதல் ஆளாக விடுவோம், அவர்கள் வேகத்துக்கு மற்றவர்கள் நடப்பார்கள். அன்பான ஏற்பாடு. நோலீன் அதற்கு வைத்த பெயர் ‘தள்ளுவண்டி’.

2

அன்று கணவாயைக் கடந்து இறங்கி, மழையில் ஆறு பெருகும் முன் அக்கரைக் குடிலுக்குப் போயாக வேண்டும். தலைவன் டெஸ்மண்ட் மேலிருந்து கத்தினான்.

“நோலீன்! அங்கேயே வேர் விட்டுட்டியா?”

“நீ ஓடுற ஓட்டத்துல யாரோட தொப்பியோ விழுந்து கெடக்கு. பொறுக்கிட்டு வரேன், போ!”

தொப்பி எதுவும் விழவில்லை. அவளுடைய கெண்டைச்சதை கல்லாக இறுகியிருந்தது.

(ஓரக்குறிப்பு: இது ஏன் வருகிறது என்பதில் மருத்துவர்களே ஒரே பேச்சாக இல்லை. சதையின் களைப்பு என்கிறார்கள், வியர்வையில் போன உப்பு என்றும் சொல்கிறார்கள். எதற்கும், பெரிய ஏற்றத்துக்குச் சில வாரம் முன்பே சின்ன மேடுகளில் காலைப் பழக்குங்கள். எடுத்த எடுப்பில் ஓடாதீர்கள். வெறும் தண்ணீரை மட்டும் குடிக்காமல் உப்புள்ளதையும் கொஞ்சம் கொறியுங்கள்.)

உப்பு எங்கே இருந்தது? எங்கள் கூட்டத்துக்குக் கொறிப்புப் பை ஒன்றுதான். அது டெஸ்மண்டிடம் கிளம்பி, கைமாறிக் கைமாறி வாலுக்கு வரும். வரும் வழியில் உப்புக்கடலையையும் சாக்லெட்டையும் எல்லாரும் பொறுக்கிவிடுவார்கள். வாலுக்கு உலர்திராட்சைதான் மிஞ்சும். திராட்சைதான் தனக்குப் பிடிக்கும் என்று நோலீன் வருடக்கணக்காகச் சொல்லி வருகிறாள்.

3

டெஸ்மண்ட் நிஜமாகவே இருக்கிறான். நோலீன்தான் என் கற்பனை. இதுவரை எழுதியதை அவனுக்குப் படித்துக் காட்டினேன்.

“அவ ஏன் ஊதல? விசிலை அழகுக்கா மாட்டி விட்டிருக்கோம்?”

“நீயா இருந்தா ஊதுவியா?”

“கண்டிப்பா.”

“என்னைக்காவது வாலா நடந்திருக்கியா டெஸ்?”

“நான் தலைவனாச்சே!” தேநீரைக் கலக்கினான். “அந்தத் திராட்சைய மட்டும் எடுத்துரு. நம்மளக் கொள்ளைக்கூட்டம் மாதிரி காட்டுது.”

எடுக்கவில்லை.

4

ஒரு முடிவு: ஊதுகிறாள். எல்லாரும் ஓடி வருகிறார்கள். ஒருவர் காலை நீட்டிப் பிடிக்கிறார், ஒருவர் தேய்க்கிறார். டெஸ்மண்ட் விசிலைப் பூப்போலக் கழற்றிக்கொள்கிறான். அவளை முதல் ஆளாக விடுகிறார்கள். அடுத்த நடைக்கு நோலீன் வரவில்லை.

இன்னொரு முடிவு: ஊதவில்லை. தானே நீட்டி, தேய்த்து, நொண்டிக்கொண்டு இறங்குகிறாள். மற்றவர்கள் அக்கரை சேர்ந்துவிட்டார்கள். ஆறு இடுப்பளவு. நடு ஆற்றின் குளிரில் அதே கால் மறுபடியும்—

இதை நான் எழுதப் போவதில்லை.

5

எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல மறந்தேன். பின்னால் வருபவரின் முகம் தெரியாமல் யாரும் வளைவில் திரும்பக் கூடாது. நோலீனுக்கு முன்னால் நடப்பவர் யார் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை, கவனித்தீர்களா?

அது நீங்கள்தான்.

கொறிப்புப் பை இப்போது உங்கள் கையில் இருக்கிறது. அடியில் இன்னும் கொஞ்சம் கடலை கிடக்கிறது. டெஸ்மண்ட் மேலே மறைந்துவிட்டான், முதல் தூறல் விழுகிறது. “போங்க போங்க, இதோ வந்துட்டேன்” என்று பின்னாலிருந்து குரல் மட்டும் வருகிறது. முகம் வரவில்லை. உங்களுக்கு எதிரே வளைவு.

என்ன செய்தீர்கள்? எனக்கு எழுதுங்கள். திரும்பிப் போயிருந்தால், காலைப் பிடித்துவிடும்போது அவளிடம் என்ன சொன்னீர்கள் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். விசில் அவள் கழுத்திலேயே இருக்கும்படியாக ஒரு வார்த்தை வேண்டும். எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.