கொசுவுக்கு எந்த அலமாரி?

நூலகத்தில் பேய் இருப்பதாக நான் நம்பவில்லை. பேய்க்கு எவ்வளவோ வேலை இருக்கும். ஆனாலும் ஒரே புத்தகம் தினமும் எழுந்து, அறையைக் கடந்து, எதிர் அலமாரியில் போய் உட்கார்ந்துகொண்டால் மனிதர்கள் எல்லோர்மீதும் சந்தேகம் வரத்தான் செய்யும். எனக்கு வரிசைப்படி வந்தது. நூலகவியல் படித்தவனுக்கு எதுவும் வரிசைப்படிதான் வரும்.

அந்த அறை மறைந்த பேராசிரியருடையது. எங்கள் கல்லூரியில் நூலகவியல் துறையைத் தொடங்கியவர் அவர். புத்தகங்களை அடுக்கச் சொந்தமாக ஒரு முறையையும் உண்டாக்கினார். மற்ற முறைகள், 'இந்தப் புத்தகம் எதைப் பற்றியது?' என்று கேட்கும். அவர் முறை, 'இதை ஒருத்தன் எங்கே வந்து தேடுவான்?' என்று கேட்கும். கேட்பதற்குச் சாதுவாக இருக்கிறது. இதற்காகக் கடல் தாண்டி வந்தெல்லாம் அவரோடு சண்டை போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

வாழ்நாளெல்லாம் வாங்கிய புத்தகங்களை நூலகத்தின் மாடியறையில் அந்த முறைப்படியே அடுக்கி, யார் வேண்டுமானாலும் வந்து படிக்கத் திறந்துவிட்டிருந்தார். அவர் நோயில் விழுந்ததும் அறையைப் பூட்டினார்கள். இறந்ததும் அதை நினைவு அறையாக்க முடிவெடுத்தார்கள். உயிரோடு இருந்தவரை அவர் அந்த அறைக்கு ஒரு மின்விசிறி கேட்டுக்கொண்டே இருந்தார். இப்போது இரண்டு மாட்டியாகிவிட்டது.

ஒரே ஒரு சிக்கல். புத்தகங்கள் சட்டப்படி அவர் மகளுக்குச் சொந்தம். மகள் தொலைபேசியில் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"அப்பா இருந்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கணும். திறப்பு விழா அன்னிக்கு நானே வந்து பார்ப்பேன். அப்படி இல்லேன்னா அத்தனையும் வண்டியில ஏத்திட்டுப் போயிடுவேன்."

வெள்ளையடித்தவர்கள் புத்தகங்களையெல்லாம் தரையில் குவித்துவிட்டுப் போயிருந்தார்கள். அவற்றை மறுபடி அடுக்குவதற்காக என்னைத் தற்காலிகமாக நியமித்தார்கள். புத்தகங்கள் தங்கினால் நானும் தங்குவேன். வண்டி வந்தால் அதன் பின்னாலேயே நானும் நடந்துபோக வேண்டியதுதான்.

புத்தகங்களின் முதுகில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்துப் பார்த்து அடுக்கினேன். அதில் ஒன்று கொசுவைப் பற்றிய தடித்த புத்தகம். எண்படி அதன் இடம் 'நோய்'. ஒரு காகிதத்தின்மேல் இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று என்று அந்த எண்சீட்டு காயத்துக்குக் கட்டுப்போட்டது மாதிரி தடித்திருந்தது. சீட்டை ஒட்டியவன் ஏதோ கோபத்தில் இருந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு, மலேரியாவுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

மறுநாள் காலை அது எதிர்ச் சுவரில் 'பூச்சிகள்' அலமாரியில் இருந்தது. வண்ணத்துப்பூச்சிக்கும் வெட்டுக்கிளிக்கும் நடுவில், அழைக்காத கல்யாணத்துக்கு வந்துவிட்ட உறவினர் மாதிரி, கொஞ்சம் முன்னே துருத்திக்கொண்டு.

திருப்பி வைத்தேன். அடுத்த நாளும் அதே கதை. அதற்கடுத்த நாளும்.

முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். விசாரித்ததில் என்மீது குற்றமில்லை. அடுத்து தலைமை நூலகர் மேடம். மாடியறையைக் கணினி அறையாக்கலாம் என்று மேடத்துக்கு நெடுநாள் ஆசை. புத்தகங்கள் போய்விட்டால் அறை காலி. கீழே போய் நிலவரத்தைச் சொல்லி, முகத்தைக் கவனித்தேன்.

"மேடம், மாடியில ஒரு புத்தகம் இடம் மாறிக்கிட்டே இருக்கு."

"தானாவா?"

"யாரோ மாத்துறாங்க. கொசு புத்தகம். நோய்ல வெச்சா பூச்சிக்குப் போயிடுது."

மேடம் கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ரெண்டுமே தப்பு. படுத்தா காதுகிட்ட வந்து பாடுதே, அதுக்கு ஒரு எண் போடச் சொல்லு உங்க பேராசிரியரை."

"அவர் இறந்துட்டார் மேடம்."

"தெரியும். மலர்வளையம் வாங்கினது யாருன்னு நெனச்சே?"

முகத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை. ஒன்றும் கிடைக்காத முகம்தான் ஆபத்து என்பதால் சந்தேகத்தை ரத்து செய்யாமல் ஒத்திவைத்தேன்.

மூன்றாவது ஆள் 'ஆனா' சார். ஓய்வுபெற்றவர். மறைந்த பேராசிரியரோடு அதே துறையில் அதே காலம் முழுவதும் இருந்தவர். பேராசிரியர் எந்த மேடையில் எதைச் சொன்னாலும் எழுந்து "ஆனா..." என்று ஆரம்பிப்பார். பெயர் அப்படி வந்தது. அறை இன்னும் திறக்கவில்லை. இருந்தும் தினமும் செய்தித்தாளோடு வந்து ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார்.

"சார், இந்த அறையை இன்னும் திறக்கலை."

"திறக்கலைதான். ஆனா கதவு திறந்திருக்கே."

உட்கார்ந்தவர் செய்தித்தாளுக்கு மேலாக என்னையே பார்த்தார். எனக்குப் பழக்கமான பார்வைதான். நான் மற்றவர்களைப் பார்ப்பது அப்படித்தான்.

"தம்பி, உன்னை இங்க போட்டது யாரு? பாப்பாவா?"

"எந்தப் பாப்பா சார்?"

"அவர் பொண்ணு."

அந்தப் பாப்பாவுக்கே பேரன் பேத்தி இருந்தார்கள். "இல்ல சார், மேடம்தான் போட்டாங்க."

"சரி. ஆனா காலையில முதல்ல இந்த அறைக்குள்ள வர்றது யாரு?"

"எதுக்குக் கேக்குறீங்க?"

"சும்மாதான்."

சும்மா கேட்கிறவர் இப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கமாட்டார். மாலையில் நான் டீக்குக் கீழே போகும் நேரத்தில் அறையில் தனியாக இருப்பவரும் அவர்தான். வாழ்நாளெல்லாம் அந்த முறையை எதிர்த்தவர். மகள் வந்து பார்க்கும்போது ஒரு புத்தகம் தப்பான இடத்தில் இருந்தால் போதும், அறையே காலி. உயிரோடு இருந்தபோது ஜெயிக்க முடியாதவரை இறந்தபின் ஜெயிக்கப் பார்க்கிறார் மனிதர்.

ஆதாரம் வேண்டும். நீலச் சாக்பீஸைப் பொடியாக்கிப் புத்தகத்தின் முதுகில் தடவிவிட்டு டீக்குப் போனேன். திரும்பி வந்தபோது கொசு பூச்சிகளோடு இருந்தது. 'ஆனா' சார் ஜன்னலோரம் செய்தித்தாளில் மூழ்கியிருந்தார். முதல் பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்த அமைச்சரின் கன்னத்தில் ஒரு நீலக் கட்டைவிரல் பதிந்திருந்தது.

"சார், கையைக் காட்டுங்க."

விரலைப் பார்த்தார். அமைச்சரைப் பார்த்தார். மறுக்கவில்லை.

"நான்தான் மாத்துனேன். ஆனா கொசு பூச்சி. ஆறு காலு, ரெண்டு இறக்கை. அது எப்படி நோயாகும்?"

"கொசு புத்தகத்தைத் தேடி வர்றவன் அதுமேல இருக்குற பிரியத்துலயா வர்றான்? கடிபட்டு வர்றான் சார். அவன் காய்ச்சல் பக்கம்தான் போய் நிப்பான்."

சடாரென்று நிமிர்ந்தார். "இதை உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லலை. அவர் முறைப்படி பார்த்தா அப்படித்தானே வரும்?"

"அப்ப தினமும் காலையில அதை நோய்க்குத் திருப்பிக் கொண்டுபோறது..."

"நான்தான்."

"நீயா?"

"பின்ன யாருன்னு நெனச்சீங்க?"

செய்தித்தாளை மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார். பிடிபட்டவனின் முகமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். ஏமாந்தவனின் முகமாக இருந்தது.

"இந்தப் புத்தகம் வந்த அன்னிக்கு அவர் நோய்ல வெச்சார்," என்றார். "நான் பூச்சியில வெச்சேன். மறுநாள் பார்த்தா நோய்ல இருந்துச்சு, புது எண் ஒட்டி. நானும் ஒண்ணு அடிச்சு மேல ஒட்டினேன். அப்படியே போச்சு."

"எவ்வளவு காலம்?"

"அவருக்கு நரைக்குற வரைக்கும். எனக்குக் கொட்டுற வரைக்கும்."

"இதைப் பத்திப் பேசிக்கவே இல்லையா?"

"மத்ததுக்கெல்லாம் மேடையில கத்துனோம். இதைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்லை. பேசினா யாராவது ஒருத்தர் ஜெயிச்சுத் தொலைச்சிருப்போம்." ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "ஒருதடவை அது பூச்சியிலயே இருந்துச்சு. மறுநாளும் அங்கயே. அப்பதான் எனக்குச் சந்தேகம் வந்துச்சு, அவர் வீட்டுக்கு ஃபோன் போட்டேன். ஆஸ்பத்திரியில இருக்கார்னாங்க. அன்னிக்கு மேல ஒட்டியிருந்த என் சீட்டை நானே உரிச்சுட்டேன்."

நியாயமாக நான் இளகியிருக்க வேண்டும். ஆனால் திறப்பு விழா அடுத்த வாரம். இளகினால் வேலை போய்விடும்.

"சார், அவர் பொண்ணு வந்து பார்க்கப்போறாங்க. ஒரு புத்தகம் மாறியிருந்தாலும் எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிடுவாங்க. இனிமே தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க."

"தொடமாட்டேன். ஆனா..."

காத்திருந்தேன். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. எழுந்து போய்விட்டார்.

மறுநாள் அவர் வரவில்லை. கொசு நோயிலேயே இருந்தது. அதற்கடுத்த நாளும் அசையவில்லை. காலையில் போனதும் முதலில் அதைத்தான் பார்ப்பேன். சரியான இடத்தில் இருக்கும். ஏனோ அதுவே சந்தேகமாக இருக்கும். ஜன்னலோர நாற்காலியில் தூசு படிந்தது.

விழாவன்று கல்லூரி முதல்வர் வந்தார். பேராசிரியரின் மகத்தான வகைப்பாட்டு முறையைப் பற்றி உணர்ச்சியோடு பேசப்போவதாகச் சொன்னவர், என்னை ஓரமாக இழுத்து அது என்ன முறை என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். மகளும் வந்தார். வாசலில் ரிப்பனைப் பார்க்கவில்லை, சுவரில் அப்பாவின் படத்தைப் பார்க்கவில்லை. நேராக நோய் அலமாரிக்குப் போனார். விரல் மலேரியாவைத் தாண்டிக் கொசுவில் நின்றது. நான் பக்கத்தில் போய் நிமிர்ந்து நின்றேன்.

"இது இங்கயா இருக்கு?"

"ஆமாம்மா. எண்படி சரியான இடம்."

"எப்பலேர்ந்து?"

"ஒரு வாரமா அசையவே இல்லம்மா," என்றேன் பெருமையாக.

மகளின் முகம் வெளிறியது. "அய்யோ, சித்தப்பா செத்துட்டாரா?"

அறையே திரும்பிப் பார்த்தது. மைக்கைத் தட்டிச் சோதித்துக்கொண்டிருந்த முதல்வரும் நிறுத்தினார்.

"எந்தச் சித்தப்பா?"

"அப்பாவோட சண்டைக்காரர். அவர் இருந்தா இது எப்படி இங்கயே இருக்கும்?"

"இல்லம்மா, நல்லாத்தான் இருக்கார். நான்தான்... நீங்க பார்க்க வர்றீங்கன்னு... தொடவேணாம்னு சத்தியம் வாங்கிட்டேன்."

மகள் என்னைப் பார்த்த பார்வைக்கு எந்த வகைப்பாட்டிலும் எண் கிடையாது.

"அப்பா இருந்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படின்னுதானே சொன்னேன்? அவர் வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் செருப்பைக்கூடக் கழட்டாம அம்மாகிட்ட சொல்ற முதல் வார்த்தை என்ன தெரியுமா? 'இன்னிக்கும் மாத்திட்டான்.' சொல்லும்போது அவர் மூஞ்சியைப் பார்க்கணும், பரிசு வாங்கிட்டு வந்த மாதிரி இருக்கும். மாத்துறதுக்கு ஆளே இல்லாத அறை எங்கப்பா அறை இல்ல." வாசலில் நின்ற தன் ஓட்டுநர் பக்கம் திரும்பினார். "வண்டியைப் பின்பக்கமாக் கொண்டுவாங்க."

மேடம் என் காதருகே வந்தார்.

"அவர் வீடு பின்தெருதான். ஓடு. அதுவரைக்கும் முதல்வரைப் பேச வைக்கிறேன்."

"அவர் சீக்கிரம் முடிச்சுட்டா?"

"அவரா? இதுவரைக்கும் நடந்ததில்லை."

ஓடினேன். 'ஆனா' சார் கதவைப் பாதி திறந்து, என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"விழாவுக்குக் கூப்பிடவே இல்லையே. இப்ப எதுக்கு?"

"பாப்பா வந்திருக்காங்க சார். புத்தகம் நோய்லயே இருக்குறதைப் பார்த்து நீங்க செத்துட்டீங்கன்னு நெனச்சுட்டாங்க."

கொஞ்சம் யோசித்தார். "அப்படி நெனச்சதுல தப்பில்ல. ஆனா நீ சத்தியம் வாங்கியிருக்கியே."

"திருப்பித் தந்துட்டேன் சார்."

"சத்தியத்தை எப்படிய்யா திருப்பித் தருவே?"

"நூலகத்துல வாங்கின எதையும் திருப்பித் தரணும் சார். அதுதானே விதி?"

சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். அவசரத்தில் பொத்தானை ஒரு துளை மாற்றிப் போட்டிருந்தார். நாங்கள் மாடியேறியபோது முதல்வர் மூன்றாவது முறையாக 'அறிவுக் களஞ்சியம்' என்று சொல்லிக்கொண்டிருந்தார். 'ஆனா' சார் யாரையும் பார்க்கவில்லை. நேராக நோய்க்குப் போய்க் கொசுவை உருவினார். நாற்காலிகளுக்கு நடுவில் முழங்கால் சொடுக்கு விட நடந்து, முதல்வருக்கும் மைக்குக்கும் இடையில் புகுந்து, எதிர்ச் சுவரில் வண்ணத்துப்பூச்சிக்கும் வெட்டுக்கிளிக்கும் நடுவில் அதைச் செருகினார். முதல்வருக்கு அடுத்த வார்த்தை மறந்துவிட்டது.

"சித்தப்பா, அது நோய்," என்றார் மகள்.

"பூச்சி, பாப்பா."

"காலையில யாரு திருப்பி வெப்பா?"

'ஆனா' சார் என் பக்கம் கையைக் காட்டினார். "இந்தப் பய. அவரை மாதிரியே பேசுறான். ஆனா அவருக்கு இவ்வளவு வாய் கிடையாது."

மகள் என்னை மேலும் கீழும் பார்த்தார். நம்பிக்கை வந்த மாதிரி தெரியவில்லை. இருந்தாலும் வாசலில் நின்ற ஓட்டுநரிடம் வேண்டாம் என்று தலையசைத்தார்.

புத்தகங்கள் தங்கின. நானும் தங்கினேன். காலையில் கொசுவை நோய்க்குக் கொண்டுபோவேன். மாலையில் டீ குடித்துவிட்டு வரும்போது அது பூச்சியில் இருக்கும். நாங்கள் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. பழக்கதோஷத்தில் முதுகில் நீலப்பொடி தடவுவதை மட்டும் நான் விடவில்லை.

போன வாரம் ஒரு காலையில் பூச்சியில் கொசு இல்லை. நோயிலும் இல்லை. தேடித் தேடிக் கடைசியில் 'இசை' அலமாரியில் கண்டுபிடித்தேன். வாய்ப்பாட்டுக்குப் பக்கத்தில்.

'ஆனா' சார் வந்ததும் காட்டினேன்.

"நான் பூச்சியிலதான் வெச்சேன்," என்றார். "ஆனா நீ?"

"நான் இன்னும் தொடவே இல்லை சார்."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் என்னை நம்பவில்லை. நானும் அவரை நம்பவில்லை.

கீழே போனேன். மேடம் கோப்பில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே கன்னத்தைச் சொறிந்தார். சொறிந்த இடத்தில் நீலமாக ஒரு கோடு.

"என்ன பார்க்குறே?"

"ஒண்ணுமில்ல மேடம். கொசு கடிச்சுதா?"

"கடிச்சா பரவாயில்லையே," என்றார் மேடம், தலையைத் தூக்காமல். "பாடுச்சு."