வாசல் வழியாக வேண்டாம்

கட்டி முடிப்பதற்கு முன்பே திறந்துவிட்டார்கள். எங்கள் புது டெர்மினலைப் பற்றி ஒரே வரியில் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். திறப்பு விழாவுக்குத் தேதி கொடுத்தாயிற்றாம், மாற்ற முடியாதாம். பெயின்ட் காயாத தூணில் வாழைமரம் கட்டி, பிள்ளையாருக்குப் பூசை போட்டு, ரிப்பன் வெட்டிவிட்டுப் போனார்கள். போனவர்கள் போய்விட்டார்கள். அந்தக் கட்டடத்துக்குள் கிடந்து சீரழிகிறவர்கள் விமானக் கம்பெனி ஆட்களான நாங்கள்.

காரைக்குடிக்குச் சென்னையிலிருந்து ஒரு நாளைக்கு ஒரே ஒரு சின்ன விமானம் வரும், போகும். அதற்கே இந்தப் பாடு. பெட்டி வரும் பெல்ட் பாதியில் நின்றுவிடும். லோடர் பெத்தன் குனிந்து உள்ளே போய் ஒரு உதை விட்டால் ஓடும். ஊழியர் கழிப்பறையில் தண்ணீர் வராது. பெண்கள் நாங்கள் காலையில் வந்தால் வீடு திரும்பும்வரை தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டோம். பயணிகள் திட்டுவதும் எங்களைத்தான். கட்டினவன் எதிரே நிற்கிறானா என்ன? அதிலும் நான் உள்ளூர்க்காரி. "நீ செல்வம் மக சத்தியப்பிரியாதானே, ஒங்கப்பனைத் தெரியும்டி எனக்கு" என்று உரிமையோடு திட்டுவார்கள்.

இதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது கார்கோ விஷயம். டெர்மினல் பழைய கொட்டகையில் இருந்தபோது பக்கத்தில் ஒரு இரும்பு கேட் இருந்தது. பார்சல், மருந்து, எப்போதாவது ஒரு சவப்பெட்டி, எல்லாம் அது வழியாக வெளியே போகும். புது மதில் கட்டும்போது அந்த கேட்டை அடைத்துவிட்டார்கள். புதிய கார்கோ கட்டடம் அஸ்திவாரத்தோடு நிற்கிறது. பெரிய சாமான் வந்தால் எப்படி வெளியே எடுப்பது என்று திறப்பதற்கு முன்பே கேட்டோம். அடுத்த கட்டப் பணியில் வரும் என்றார்கள். விளம்பரத்தில் மட்டும் எல்லா வசதியும் உண்டு என்று போட்டுவிட்டார்கள்.

அந்த விளம்பரத்தை நம்பி யாரோ ஒரு ஏஜென்ட் சவூதியிலிருந்து ஒரு உடலை எங்கள் ஊருக்கே புக் பண்ணிவிட்டான்.

காலையில் சென்னையிலிருந்து தகவல் வந்ததும் எங்கள் மேலாளர் வயிரவனிடம் போய்ச் சொன்னேன். "சார், மத்தியானம் ஒரு பாடி வருது."

"நம்ம ஃப்ளைட்லயா?"

"பின்ன, டவுன் பஸ்லயா சார் வரும்?"

வயிரவன் சார் நல்ல மனிதர். அதுதான் அவரிடம் உள்ள கோளாறு. யாரிடமும் முகத்தை முறித்துப் பேச மாட்டார். என்னையும் கூட்டிக்கொண்டு டெர்மினல் அதிகாரி ஈஸ்வரனின் அறைக்குப் போனார். அங்கே கான்ட்ராக்டர் குழந்தைவேலுவும் உட்கார்ந்திருந்தார். கட்டட வேலை முடியாததால் அவர் எந்நேரமும் அங்கேதான் இருப்பார்.

"பயணிகள் வெளியே வர்ற ஹால் வழியா கொண்டுபோயிடலாம் சார். அஞ்சு நிமிஷ வேலை. அந்த நேரத்துல ஹால்ல ஆளே இருக்காது" என்றேன்.

"கார்கோவை ஹால் வழியா எடுக்க விதி இல்லம்மா" என்றார் ஈஸ்வரன்.

குழந்தைவேலு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "என்னம்மா பேசுறீக? பூசை போட்டுத் தொறந்து ஒரு மண்டலம்கூட ஆகல. புது வாசல்ல பொணத்தையா எடுப்பாக? நாளைப்பின்ன இந்த எடம் வெளங்குமா?"

ஈஸ்வரன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய விதி எங்கேயிருந்து வருகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

வெளியே வந்தால் சுள்ளென்று வெயில். அக்கினி நட்சத்திரம் முடியாத நேரம். வாசலுக்கு முன்னால் போடுவதாகச் சொன்ன கூரையும் இன்னும் போடவில்லை. உடலை வாங்க ஒக்கூரிலிருந்து வந்தவர்கள் ஆம்புலன்ஸ் நிழலில் ஒண்டிக்கொண்டு நின்றார்கள். செத்தவன் பெயர் பாண்டிமுருகன். அங்கே வெல்டிங் வேலையில் இருந்தபோது நெஞ்சு வலித்து விழுந்தவன். காகிதங்கள் கிடைத்து உடல் வருவதற்கு வாரக்கணக்கில் ஆகியிருந்தது. அவனுடைய அப்பா ஐயனார் என்னைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஏந் தாயி, புள்ள வந்துட்டானா?"

"இன்னும் செத்த நேரத்துல வந்துருவாக ஐயா."

அவர் பின்னால் நின்ற பெண் முன்னே வந்தாள். பாண்டிமுருகனின் மனைவி மஹாலட்சுமி. வயது முப்பதுகூட இருக்காது. அழுத முகமாகத் தெரியவில்லை. என்னை ஒரு வேலை விஷயமாகக் கேட்பதுபோல் கேட்டாள்.

"அக்கா, பொட்டியில மொகத்துக்கு நேரா கண்ணாடி வச்சிருக்குன்னு கூட வேலை பாத்தவுக போன்ல சொன்னாக. நெசமா?"

"வைப்பாங்கம்மா."

"நாளாயிருச்சுன்னு பொட்டியத் தொறக்கக் கூடாதாம். வெளியில செத்த ஒடம்ப ஊருக்குள்ளயும் கொண்டார விடமாட்டாக. இங்குட்டிருந்து நேரா காட்டுக்குத்தான். பொம்பள நான் காட்டுக்குப் போக முடியாது. இங்கன வச்சு நான் பாத்தாத்தான் உண்டு."

"பாக்கலாம்மா. கண்ணாடி வழியா நல்லாப் பாக்கலாம்" என்று சொன்னேன். சொல்லும்போது அது நடக்கும் என்றுதான் நினைத்தேன்.

விமானம் வந்தது. பயணிகள் இறங்கிப் போனார்கள். சென்னைக்குப் போகிறவர்கள் ஏறினார்கள். பெட்டியை இறக்குகிறீர்களா, இல்லை திரும்ப எடுத்துக்கொண்டு போகட்டுமா என்று கேப்டன் கேட்டார். வயிரவன் சார் வியர்வையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தார்.

"திருப்பி அனுப்பிச்சுருவமா சத்தியா? நாளைக்கு மதுரை வழியா வரவச்சுக்கலாம்."

"நீங்க போய் அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லுங்க சார்."

நான் பெத்தனைப் பார்த்து, "இறக்குங்கண்ணே, நான் சொல்றேன்" என்றேன். இறக்கிவிட்டால் வழி விட்டுத்தானே ஆக வேண்டும்? வேறு என்ன செய்துவிட முடியும் என்று நினைத்தேன். பெத்தனும் மற்ற லோடர்களும் பெட்டியைப் பதமாக இறக்கி, ட்ராலியில் வைத்து, இறக்கைக்குக் கீழே நிழலில் நிறுத்தினார்கள். முகத்துக்கு நேரே கண்ணாடி இருந்தது. நான் ஒரு முறை குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தேன்.

விமானம் போனது. நிழலும் அதோடு போய்விட்டது.

அதன் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. பெல்ட் இருக்கும் ஷெட்டின் நிழலுக்காவது தள்ளிக்கொண்டு போகிறோம் என்றேன். அதுவும் கட்டடத்தில் சேர்த்தி, கூடாது என்றார்கள். அந்தப் பெண்ணையாவது உள்ளே விட்டுப் பார்க்கச் சொல்லலாம் என்றேன், பாஸ் இல்லாமல் ஓடுதளப் பக்கம் யாரும் வரக் கூடாது என்றார்கள். தீயணைப்பு வண்டிக்கான அவசர கேட் ஓடுதளத்தின் கோடியில் இருக்கிறது. அதற்கு வெளியே ரோடு போடவில்லை, கண்மாய்ப் பள்ளம்தான். ஈஸ்வரன் மதுரைக்குப் போன் பண்ணினார். மதுரை சென்னையைக் கேட்கச் சொன்னது. சென்னையில் சாப்பிடப் போயிருந்தார்கள். வயிரவன் சார் எங்கள் தலைமை அலுவலகத்துக்குப் போன் பண்ணி, ஆமாம் சார், சரி சார் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

சிமென்ட் தளத்தில் கால் வைக்க முடியவில்லை. ஷூவுக்குள்ளேயே சுட்டது. பெத்தன் எங்கேயோ போய் திறப்பு விழா பிளெக்ஸை அவிழ்த்துக்கொண்டு வந்தார். ஆளுக்கொரு முனையைப் பிடித்துப் பெட்டிக்கு மேலே பந்தல் மாதிரி நின்றார்கள். கைகூப்பிச் சிரிக்கிற தலைவர்களெல்லாம் தலைகீழாகத் தொங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் லோடர்களுக்கும் கை கடுத்துப்போய், பிளெக்ஸைப் பெட்டியின் மேலேயே போட்டுவிட்டார்கள்.

டெர்மினலின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஹால் தெரிந்தது. ஒரு ஈ காக்காய் இல்லை. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. தானாகத் திறக்கும் கதவு, பக்கத்தில் ஆள் நடந்தாலே விலகி வழிவிடும். எங்களுக்கும் அந்தக் கதவுக்கும் நடுவே கூப்பிடு தூரம்கூட இல்லை.

பொய் சொல்லி இழுத்தடிக்க எனக்கு மனசு வரவில்லை. வெளியே போய் ஐயனாரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அடிக்க வருவார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"வாசல் வழியா வேணாங்கிறாக."

"ஆமாய்யா."

"புது வாசல்னா அப்பிடித்தான் நெனப்பாக தாயி. எங்காத்தா அடைப்பு நட்சத்திரத்துல செத்துச்சு. அதை நாங்க வாசல் வழியாவா எடுத்தோம்? பின்சுவத்த இடிச்சுத்தான எடுத்தோம். இவுகளையும் சுவத்த இடிக்கச் சொல்லு. பொறவு பூசிக்கிறலாம். கொத்தனார் கூலிய நாங் குடுத்துர்றேன்."

நேரே ஈஸ்வரன் அறைக்குப் போனேன். கதவைத் தட்டக்கூட இல்லை. "பெரியவர் சொல்றாரு சார். ஒங்க வாசல்தான் ஒசத்தின்னா சுவத்த இடிக்கணுமாம். கூலியும் அவரே குடுக்குறாராம்." அவர்களுக்கு வெட்கம் வரட்டும் என்றுதான் அப்படிக் கத்தினேன்.

வெட்கமா! குழந்தைவேலுவின் முகம் மலர்ந்துவிட்டது. "அதான மொறை! பெரிய மனுசன் பெரிய மனுசன்தான். அடைச்ச கேட் இருந்த எடத்துல இடிச்சா அப்பறம் பூசிக்கிறலாம்" என்றார். ஈஸ்வரனும் பெருமூச்சு விட்டார். வாசலைத் திறக்க அனுமதி கேட்டபோது ஆளாளுக்குத் தட்டிக் கழித்தவர்கள், மதிலை இடிக்க அனுமதி கேட்டதும் அவசரப் பராமரிப்புப் பணி என்று உடனே கொடுத்துவிட்டார்கள். இப்படியும் ஒரு வேலை செய்வார்கள் என்று நான் சத்தியமாக நினைக்கவில்லை.

ரோடு வேலைக்கு வந்திருந்த ஜேசிபியைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அந்த டிரைவர் வருவதற்குள் ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. பிறகு பாதுகாப்புப் படை ஆட்கள் வந்து துப்பாக்கியோடு நின்றால்தான் இடிக்கலாம் என்றார்கள். அவர்கள் வந்து நிற்பதற்கு இன்னும் ஒரு மணி நேரம். மதில் இடிந்து புழுதி அடங்கியபோது வெயில் மஞ்சளாகியிருந்தது.

பெத்தனும் மற்றவர்களும் செங்கல் குவியல் மேல் தடுமாறித் தடுமாறிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தப் பக்கம் ஒக்கூர்க்காரர்கள் கைகொடுத்து வாங்கினார்கள். குழந்தைவேலு தூரத்தில் நின்று செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். கை வைக்க முடியாதபடி சுட்டது.

ஆம்புலன்ஸில் குளிர் போட்டிருந்தார்கள். பெட்டியை உள்ளே தள்ளியதும், "வெரசா வாங்கப்பா, பொழுது சாயுது, குழி வெட்டி வச்சது அப்பிடியே கெடக்கு" என்று யாரோ அவசரப்படுத்தினார்கள். "இருங்கப்பா, அந்தப் புள்ள பாக்கட்டும்" என்றார் ஐயனார். மஹாலட்சுமி ஏறினாள். நானும் பின்னாலேயே ஏறினேன்.

கண்ணாடி வெள்ளையாக இருந்தது. அவள் முந்தானையால் துடைத்தாள். தூசி போனது. வெள்ளை போகவில்லை. மறுபடி அழுத்தித் துடைத்தாள்.

"அக்கா, தொடச்சாலும் போக மாட்டேங்குதே."

உள்பக்கம் வியர்த்திருந்தது. அத்தனை நேரம் வெயிலில் வெந்த பெட்டி, குளிரில் ஏற்றியதும் உள்ளே நீர் பூத்துவிட்டது. வெளியிலிருந்து எவ்வளவு துடைத்தால் என்ன? ஏசியை நிறுத்தச் சொன்னேன். டிரைவர் நிறுத்தினான். கொஞ்ச நேரம் காத்திருந்தோம். வெளியே ஆட்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். கண்ணாடி அப்படியேதான் இருந்தது. நீர் கோடாக வழிந்த இடத்தில் கறுப்பாக ஏதோ தெரிந்தது. அது தலைமுடியா நிழலா என்று சொல்ல முடியவில்லை.

"நீங்க பாத்தீகளாக்கா?"

"பாத்தேம்மா. இறக்கும்போது பாத்தேன்."

"அப்பத் தெரிஞ்சுச்சா?"

"நல்லாத் தெரிஞ்சுச்சு."

"எப்பிடி இருந்தாக?"

தூங்குவதுபோல் இருந்தார் என்று சொல்லியிருக்கலாம். எல்லோரும் அப்படித்தானே சொல்வார்கள். நான் அன்றைக்கு முழுக்க பொய்யோடும் மழுப்பலோடும் சண்டை போட்டு அலுத்துப்போயிருந்தேன். பார்த்ததைச் சொன்னேன். "நெத்தியில சின்னத் தழும்பு இருந்துச்சு. கண்ணு நல்லா மூடியிருந்துச்சு. மொகத்தை மழுமழுன்னு ஷேவ் பண்ணி விட்டுருந்தாங்க."

"மீசை?"

"மீசை இல்லம்மா."

அவள் என்னையே பார்த்தாள். "மீசை இல்லாம அவுகள நான் பாத்ததே இல்லியேக்கா" என்றாள். அதுவரை அழாதவள், அந்த வெள்ளைக் கண்ணாடி மேல் நெற்றியை வைத்துக்கொண்டு குரலெடுத்து அழுதாள்.

ஐயனார்தான் வந்து கையைப் பிடித்து இறக்கினார். ஆண்கள் ஏறிக்கொண்டார்கள். ஆம்புலன்ஸ் ஒக்கூர் ரோட்டில் போய் மறைந்தது. அவளோடு வந்த பெண்கள் வேனில் ஏறச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை. என் யூனிஃபார்ம் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வேற என்ன பாத்தீகக்கா? சொல்லுங்க. வாய் எப்பிடி இருந்துச்சு? தலை சீவி விட்டுருந்தாகளா? எந்தப் பக்கம் வகிடு?"

நான் பார்த்ததையெல்லாம் முதலிலிருந்து மறுபடி சொன்னேன்.