திருப்பிக் கேட்ட பொருத்தம்

என் நாக்கு பொல்லாதது என்று பாலஸ்தீனத்து நப்லூஸில் எங்கள் அகதி முகாமே சொல்லும். பிள்ளை இல்லையென்று கணவன் தலாக் சொல்லி, என் ஒரே மகள் நிஸ்ரீன் வீடு திரும்பிய அன்று, "இதுக்கு நீ செத்துப் போயிருந்தா தலை நிமிர்ந்து அழுதிருப்பேன்" என்று சொன்ன நாக்கு இது. இரண்டு வருடமாக அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அன்று காலை புதுச் சட்டையும் உதட்டுச் சாயமுமாக வந்து நின்றாள்.

"யம்மா, என்னைப் பொருந்திக்கிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லேன்."

பெற்றவள் பிள்ளையின் குறையை மன்னித்து மனசார ஏற்றுக்கொள்வதுதான் பொருத்தம்; எங்களில் பரீட்சைக்குப் போகிறவர்களும் பயணம் போகிறவர்களும் தாயிடம் கேட்டு வாங்கிக்கொள்வதுதான். தாயின் பொருத்தம் இல்லாதவர்களுக்குச் சொர்க்கம் திறக்காது. உதட்டுச் சாயத்தைப் பார்த்ததும், கணவன் திரும்ப அழைத்திருக்கிறான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

"அந்த மாட்டுக்கு இப்பத்தான் புத்தி வந்துச்சாக்கும்! உதட்டுல பெயின்ட் அடிச்சிருக்கே, கொஞ்சம் தொடச்சுக்கடி. போ, மனசாரப் பொருந்திக்கிட்டேன்."

என் கையை முத்தமிட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். நான் சிரித்தபடி நின்றேன், மடச்சி.

கொஞ்சம் பெருமையடிக்கலாமென்று சம்பந்தியம்மாவுக்கு போன் போட்டு, மகள் அங்கே வருகிறாள் என்றேன். "எங்க வர்றா? அவன் மறுகல்யாணம் பண்ணிக்கிட்டு ஜோர்டானுக்குப் போயி ஆறு மாசமாச்சே" என்றாள்.

ஓடிப்போய் மகளின் அலமாரியைத் திறந்தேன். துணியெல்லாம் துவைத்து மடித்து, ஒவ்வோர் அடுக்கிலும் ஒரு சித்தி மகளின் பெயரைச் சீட்டில் எழுதிக் குத்தியிருந்தாள். போன மாதம் பக்கத்துத் தெருப் பெண் உடம்பில் குண்டைக் கட்டிக்கொண்டு போனாளே, அவள் அலமாரியும் இப்படித்தான் இருந்ததாம்.

நாலாவது தடவைதான் நிஸ்ரீன் போனை எடுத்தாள். பின்னால் பஸ் சத்தம், ஹீப்ரு பேச்சு.

"நிஸ்ரீன், திரும்பி வந்துடு. காலைல சொன்னது செல்லாது. நான் பொருந்தலே, கேட்டியா? பொருந்தலே!"

"குடுத்ததைத் திருப்பி வாங்க முடியாதும்மா."

"அன்னிக்குச் சொன்னது என் வாய்க்கொழுப்புடி. வந்து என்னை ரெண்டு அறை அறை. வாடி கண்ணு."

"இனிமே என்னால நீ தலை குனிய வேண்டாம்னு என்னை அனுப்பினவங்க சொன்னாங்க."

"அவங்க பெத்ததை அனுப்பச் சொல்லுடி! அங்க நிக்கிறவங்க உன்னை என்ன பண்ணாங்க?"

பஸ் ஒன்று வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பிறகு, "பக்கத்துல ஒருத்தி புள்ளையைத் தூக்கிட்டு நிக்கிறா" என்றாள்.

"தள்ளிப் போ! அவளை விட்டுத் தள்ளிப் போடி!"

போன் அறுந்தது.

மதியமே டிவியில் வந்துவிட்டது. பஸ் நிறுத்தத்தில் செத்தது ஐந்து பேர். அதில் ஒரு குழந்தை.

மாலையில் அவளை அனுப்பியவர்கள் வந்தார்கள், இனிப்புத் தட்டும் மகளின் படம் போட்ட போஸ்டருமாக. "அழக்கூடாது, உம்மு நிஸ்ரீன், நிஸ்ரீனைப் பெத்தவங்களே. தியாகியோட வீடு சாவு வீடில்லே, இது கல்யாண வீடு" என்றார் அவர்களில் ஒரு தாடிக்காரர். "அம்மா பொருந்திட்டாங்கன்னு காலைல எங்ககிட்ட எவ்வளவு சந்தோஷமாச் சொன்னா! ஜனங்களுக்கு முன்னால இன்னொரு தடவை சொல்லிடுங்க."

சொன்னால், அந்தக் குழந்தையின் சாவுக்கும் நான் பொருந்தியவளாவேன். சொல்லாவிட்டால், என் மகள் சொர்க்கத்துக்கு வெளியே நிற்பாள். நான் என்ன செய்வேன்? 

"அந்தக் குழந்தையைப் பெத்தவ உசுரோட இருக்காளான்னு பாத்துட்டு வாங்க" என்றேன். "இருந்தா, முதல்ல அவகிட்டக் கேளுங்க. அப்புறம் என்கிட்ட வாங்க."

யாரோ என் தோளைப் பிடித்து உள்ளறைக்கு நடத்திப் போனார்கள். வெளியே ஒலிபெருக்கியில் தாடிக்காரரின் குரல் கேட்டது. தாய் மனசாரப் பொருந்திக்கொண்டாள் என்று தெருவுக்கு அறிவித்தார். பெண்கள் குலவையிட்டார்கள்.