இறகுக்குக் கீழே

தையல்காரர் கொல்லையில் குத்துக்காலிட்டு, கழுத்து மொட்டையான கோழியை அணைத்துப் பிடித்திருந்தார். மனைவி கண்ணை மூடி நாலு மணி நேரம்தான் ஆகிறது. முன்னறையில் நாற்காலிகள் இழுபடும் சத்தம்.

"அந்தச் சீக்குக் கோழியை எங்கயாவது தூக்கிப் போடுங்க மாப்ள. வர்றவங்க என்ன நினைப்பாங்க?" என்றார் அவளுடைய அண்ணன். லாரி ஓட்டுகிறவர். அழத் தெரியாமல், காலையிலிருந்து எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தார், பாவம்.

"சீக்கில்ல மச்சான். பழைய இறகை உதிர்க்குது, அவ்வளவுதான். உங்க தங்கச்சி சொல்வா."

கழுத்தைத் திருப்பிக் காட்டினார். தோலெங்கும் ஊசிமுனைகளாகப் புது இறகின் குருத்துகள். அவள் பேசும்போது மெஷினை மிதித்துக்கொண்டே அரைக்காதில் கேட்டவர்தான். இத்தனையும் எப்படித் தங்கியதோ!

"அவளுக்கு எங்களைவிடக் கோழிங்கதான் உசத்தி," என்ற மச்சான், சுவரோரம் வெயிலில் உட்கார்ந்திருந்த வெள்ளைக் கோழியைக் காட்டினார். "இதைப் பாருங்க, புசுபுசுன்னு. நல்லாத் தின்னு கொழுத்திருக்கு."

தையல்காரர் மொட்டையைக் கீழே விட்டுவிட்டு வெள்ளையிடம் போனார். இந்த வெயிலில் உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதே.

'உப்பினா குண்டுன்னு நினைச்சுக்காதீங்க. அதுக்குக் குளிருது. இறகு எல்லாத்தையும் மூடி மறைச்சிடும், கையை உள்ள விட்டுப் பாருங்க' என்பாள்.

கையை விட்டார். நெஞ்செலும்பு கத்திபோல விரலில் இடறியது. கையை எடுக்கவில்லை.

பத்து நாளைக்கு முன்னால் அவளைச் சோதித்த டாக்டர் கேட்டார், "நோய் ரொம்ப நாளாவே உள்ள இருந்திருக்கே, வீட்ல யாரும் கவனிக்கலையா?" தெரியலைங்க என்றுதான் சொல்ல முடிந்தது.

"என்ன மாப்ள?"

"ஒண்ணுமில்ல."

வெள்ளையைத் தூக்கிப் பின்னறைக்குக் கொண்டுபோய், மெஷினடியில் இருந்த துண்டுத்துணிக் கூடையில் வைத்தார். அதற்குள் மகள் வந்துவிட்டாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"அப்பா, அம்மாவுக்கு இந்த நீலச் சட்டையைப் போடலாம்னு பார்த்தா, தொளதொளன்னு இருக்கு. கொஞ்சம் பிடிச்சுத் தர்றீங்களா?"

வாங்கி உட்புறம் திருப்பினார். பக்கவாட்டில் ஒன்றையொட்டி ஒன்றாக மூன்று தையல்கள். வெளியோரத்தில் இருந்தது சட்டை தைத்தபோது போட்டது. அடுத்தது மழைக்காலத்துக்கு முன்னால் பிடித்தது. மூன்றாவது போன மாதம். "என்னடி, மறுபடியும் குமரியாகப் போறியா?" என்று கேட்டார் அன்றைக்கு. அவளும் சிரித்தாள். அரை அங்குலம் பிடித்துக் கொடுத்துவிட்டு அடுத்த துணியை எடுத்தார். நாற்பது வருஷமாக ஊரார் உடம்பையெல்லாம் அளந்த கை அது.

பிளேடை எடுத்தார். போன மாதத் தையலைப் பிரித்தார். பிறகு அதற்கு முந்தியதை.

"அப்பா, பிடிக்கணும். நீங்க பிரிக்கிறீங்க."

"தெரியும்மா."

நூல்துணுக்குகள் மடியிலும் கூடையிலும் விழுந்தன. சட்டை பழைய அகலத்துக்கு வந்தது. அதைத் தொடைமேல் விரித்து, உள்ளங்கையால் நீவிக்கொண்டே இருந்தார்.