சவேரியம்மாளுக்கு வைத்த ஆறு கிளாஸ்

அடைக்கலமேரியின் டீக்கடையில் சீனி போட்டு வைத்திருந்த கண்ணாடி கிளாசைப் பார்த்ததும் மரிய அந்தோணி வாய்க்குக் கொண்டுபோன டீயை இறக்கிப் பிடித்தார். அடி தடித்து, வாயோரம் பொன்னிறக் கோடு போட்ட கிளாஸ். பக்கத்தில் இன்னும் ஐந்து. ஒன்றில் சுக்குப்பொடி, ஒன்றில் கடலை மிட்டாய், ஒன்றில் தண்ணீருக்குள் ஸ்பூன்கள், ஒன்றில் வடை மடிக்கிற பேப்பர் துண்டுகள். கடைசி கிளாஸ் புனித அந்தோணியார் படத்துக்கு முன்னால் இருந்தது, இரண்டு செம்பருத்தியோடு. ஆறும் அவர் வீட்டுச் சாமான். சரியாகச் சொன்னால், ஏழு வருஷத்துக்கு முன்னால் இறந்துபோன அவர் மனைவி சவேரியம்மாளின் கல்லறையில் இருந்தவை.

கொண்டுவந்து வைத்தவன் மகன் லியோ. இரண்டு வாரத்துக்கு முன்பு கல்லறைத் திருநாளுக்குப் பெங்களூரிலிருந்து காரில் வந்திருந்தான். ஊரே பாக்கெட் மெழுகுதிரியைப் பிரித்து மண்ணில் நட்டுக்கொண்டிருக்க, இவன் மட்டும் அட்டைப்பெட்டியைத் திறந்து, கண்ணாடிக்குள் வாசனை மெழுகு ஊற்றிய ஆறு திரிகளை எடுத்து வரிசையாக வைத்தான். "வெனிலாப்பா" என்றான். செத்தவளுக்கு ஐஸ்கிரீம் வாசனை. ஏற்றினான், நாலு பக்கமும் நின்று படம் எடுத்தான், ஃபாதர் தீர்த்தம் தெளித்து முடிக்குமுன் கிளம்பிவிட்டான். அன்று சாயங்காலமே மழை. பதினோரு வருஷம் தலைமையாசிரியராக இருந்து எத்தனையோ மக்குகளைப் பார்த்த மரிய அந்தோணி, தன் வீட்டில் வளர்ந்ததுதான் முழு மக்கு என்று அப்போதே முடிவு செய்திருந்தார்.

இப்போது அவனை விடக் கேவலமாக ஒருத்தி. கல்லறையில் கை வைத்துக் கடை நடத்துகிறாள்.

"இதெல்லாம் எங்கேருந்து எடுத்தே?" என்றார், பெஞ்சில் இருந்த இரண்டு பேருக்கும் கேட்கும்படி.

"கல்லறையிலேருந்துதான் சார்." பாலைக் கிண்டிக்கொண்டே சொன்னாள். அவள் மறைக்கக்கூட முயலாதது அவருக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது.

"செத்தவங்களுக்கு வெச்சதுல சீனி போட்டு வெச்சிருக்கே. நாளைக்குச் சிலுவையவும் புடுங்கியாந்து அடுப்புல வெப்பியா? இதெல்லாம் ஒரு பொழப்பு."

அடைக்கலமேரி அடுப்பைத் தணித்தாள்.

"மழைத்தண்ணி நெறைஞ்சு ஆறுலயும் புழு நெளிஞ்சிச்சு சார். கொசு மருந்து அடிக்க வந்தவங்க குப்பையில எறியப் போனாங்க. நான் கேட்டு வாங்கியாந்து, வெந்நியில ஊறப்போட்டு, மெழுக வழிச்சுக் கழுவுனேன். ஒங்களுக்கு வேணும்னா இப்பவே கொட்டித் தந்துர்றேன். எடுத்துக்கிட்டுப் போங்க."

"ஒன்னைய யாரு அங்க போகச் சொன்னா?"

"எங்க வீட்டுக்காரரு ஒங்க வீட்டம்மாவுக்குக் காலுமாட்டுலதானே சார் கெடக்காரு. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு போவேன். அப்படியே அம்மாவோடதுலயும் பில்லு புடுங்கிப் போடுவேன்." அவரை நேராகப் பார்த்தாள். "இந்த ஏழு வருசத்துல, திருநாளத் தவிர ஒங்கள அங்கிட்டுப் பாத்ததில்ல சார்."

குரலில் கோபம் இல்லை. வருகைப் பதிவேட்டில் ஆப்சென்ட் போடுகிற மாதிரி சொன்னாள். பெஞ்சில் இருந்தவர்கள் செல்போனுக்குள் குனிந்துகொண்டார்கள். மரிய அந்தோணி பாதி டீயை வைத்துவிட்டு எழுந்தார்.

டீ ஆற்றுகிறவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டே நடந்தார். கல்லறை எங்கே ஓடியா போகும்? அப்படி நினைத்தபோது வீட்டுக்குத் திரும்பும் சந்து முனையைத் தாண்டி வந்திருந்தார்.

கல்லறைத் தோட்டத்தில் ஆள் இல்லை. திருநாளன்று கூட்டத்தின் பின்னாலேயே போய் நின்றுவிடுவார். இன்று யாரும் முன்னால் போகவில்லை. மூன்றாவது வரிசையா, நான்காவதா? இரண்டு வார மழைக்குப் புல் மறுபடி வளர்ந்து பெயர்களை மூடியிருந்தது. இரண்டு முறை வேறு யாருடைய கல்லறை முன்னாலோ போய் நின்று, குனிந்து படித்துவிட்டுத் திரும்பினார். கடைசியில் புல் இல்லாமல் இரண்டு கல்லறைகள் தெரிந்தன. ஒன்று சவேரியம்மாளுடையது.

அதன் மேல் ஒரு கறுப்பு ஆடு காலை மடக்கிப் படுத்திருந்தது.

"ஏய், எந்திரி" என்றார், நாலு வகுப்பறையை ஒரேயடியாக அடக்கிய குரலில்.

ஆடு அசைபோடுவதை நிறுத்தி அவரைப் பார்த்தது. பிறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு அசைபோட்டது. விரட்டக் குச்சி தேடினார், எதுவும் அகப்படவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அது விட்டிருந்த ஒரு சாண் இடத்தில் ஒடுங்கி உட்கார்ந்தார்.