வெட்டிப் போட்ட ஆறு விநாடி

வணக்கம், எல்லாரும் சௌக்கியம்தானே? இங்கே மலேசியாவில், கிள்ளான் பக்கம் வெயில் மண்டையைப் பிளக்கிறது, தண்ணீர் நிறையக் குடியுங்கள். தண்ணீர் என்றதும் ஷாமினி கதைதான் ஞாபகம் வருகிறது.

பிரிக்பீல்ட்ஸில் ரயிலேறித் தினமும் கிள்ளானில் ஓர் ஆய்வுக்கூடத்துக்குப் போகிறவள் அவள். அங்கே நீளமான கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் ஓடும். நடுவே ஸ்பிரிங்கில் பொருத்திய ஒரு தூண். தூணைத் தாண்டும் தண்ணீர் இடமும் வலமும் மாறிமாறிச் சுழித்து, தூணையே உலுக்கிவிடும். குட்டிக் குழாய்களால் சரியான நொடியில் பீய்ச்சி அந்த ஆட்டத்தை அடக்க வேண்டும். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குத் தொட்டி வேறு குழுவுக்குப் போகிறது. அதற்குள் அடங்காவிட்டால் அவளுடைய மூன்று வருட ஆராய்ச்சி அம்போதான்.

எந்த நொடியில் பீய்ச்சுவது என்று முழுக் கணக்கையும் போட்டால் கம்ப்யூட்டர் இரண்டு நாள் யோசிக்கும், சுழல் காத்திருக்குமா? அதனால் ஓடும் தண்ணீரை எடுத்த ஆயிரக்கணக்கான படங்களைப் பிழிந்து, முக்கியமான இரண்டே வடிவங்களாகச் சுருக்கியிருந்தாள். கண்சிமிட்டுவதற்குள் பதில் வரும். ஆனால் தூண் கொஞ்சம் அடங்கும், பிறகு முன்னைவிட மோசமாக ஆடும்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம், தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் ஜாவித், தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தார்.

“தூணுக்குச் சலங்கை கட்டிடலாமா?”

“சும்மா இருங்க லா அண்ணே. தூண் ஆடுறப்ப என் கணக்கு சரியாத்தான் சொல்லுது. அடங்க ஆரம்பிச்சா உளறுது. அடங்கின தண்ணிய அது பார்த்ததே இல்லாத மாதிரி...” சட்டென்று நிமிர்ந்தாள். “அண்ணே, பம்பு போட்டதும் தண்ணி நேராத்தான ஓடும்?”

“ஆறு செகண்டு ஓடும். அப்புறம்தான் சுழிக்கும். நீதான் அதைக் குப்பைன்னு வெட்டிப் போடச் சொன்ன.”

ஆட்டம் நிலைப்பட்ட பிறகுதான் படம் எடுக்க வேண்டும் என்பது அவர்கள் பழக்கம். அமைதியிலிருந்து ஆட்டத்துக்குப் போகிற வழியே அந்த ஆறு விநாடியில்தான் இருந்தது.

“அழிச்சிட்டீங்களா?”

“நானா? எங்க வீட்டுல காலி ஐஸ்கிரீம் டப்பா மட்டும் இருபது இருக்கு. பழைய டிஸ்க்ல பாரு.”

ஒரு மணி நேரத்தில் அந்த ஆறு விநாடிப் படங்களிலிருந்து மூன்றாவதாக ஒரு வடிவம் சேர்ந்தது. மூன்றே முக்காலுக்குக் குழாய்கள் பீய்ச்சின. தூண் ஆடியது, குறைந்தது. மறுபடி துள்ளவில்லை. லேசான நடுக்கம் மட்டும். ஓட்டம் தெரியத் தண்ணீரில் விட்ட சாயக்கோடு ஏறக்குறைய நேராக ஓடியது.

தள்ளுவண்டியோடு வந்த அடுத்த குழுவின் குமுதா எட்டிப் பார்த்தாள். “எப்படி அடக்குன? ஓடட்டும்டி. நாங்க திங்கட்கிழமை வரோம்.”

“பாதி சாப்பாடு ஆறிப்போச்சு,” என்றார் ஜாவித், சிரித்துக்கொண்டே.

நீங்கள் குப்பையென்று ஒதுக்கியது எதுவாவது உங்களைக் காப்பாற்றியதுண்டா? எனக்கு எழுதுங்களேன்.