கையெழுத்துப் போட்ட பாட்டில்

"சீக்கிரம் ஓடு லா! லேப் வேன் கேட்டுக்கு வந்திருச்சு!"

முதலாளி மெய்யப்பனின் குரல் முதுகில் அறைய, தினேஸ்வரி வெள்ளை பிளாஸ்டிக் பாட்டிலோடு குளத்துப் பக்கம் ஓடினாள்.

காம்பார் சாலையில், பழைய ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய கையுறைத் தொழிற்சாலை அது. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் மூன்று குளங்களையும் பார்த்துக்கொள்வது அவள் வேலை. போன வருடம் வரை அது அவள் கணவன் மாயாண்டியின் வேலை.

மாதம் ஒருமுறை குளத்துத் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். மெய்யப்பன் அனுப்பச் சொல்வதோ குளத்தோரக் குழாயில் வரும் நல்ல தண்ணீர். மழை பிடித்தால் போதும், ரகசிய வால்வைத் திறந்து, பால்போல் வெளுத்த கழிவை அப்படியே ஆற்றில் விடச் சொல்வார். போன வருடம் மீன்கள் செத்து மிதந்தபோது, "குடிச்சிட்டுத் தொறந்துட்டான்" என்று மாயாண்டியைக் கைகாட்டினார். பீர் வாசனைகூட அறியாத மனிதனுக்கு எட்டு மாதம் சிறை. வெளியே வந்தவனை ஆற்றங்கரைக் கிராமமான கம்பத்துப் பிள்ளைகள் இன்னும் 'மீன்கொல்லி' என்கிறார்கள்.

அந்த வேலையை அவளுக்கே கொடுத்ததைத் தர்மம் என்று சொல்லிக்கொண்டார் மெய்யப்பன். அந்த நாற்றத்தில் இறங்க வேறு யார் கிடைப்பார்கள்?

பாட்டிலோடு அவள் திரும்பியபோது, லேப் ஆள் ஷர்வின் ஆபீசில் பீங்கான் கப்பில் நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தான். குளத்துப் பக்கம் அவன் எட்டிப் பார்த்ததே இல்லை. தினேஸ்வரிக்கு வழக்கம்போல் பிளாஸ்டிக் பையில் கட்டிய தே, வாசற்படியில்.

"கப்பு பத்தலம்மா," என்றார் மெய்யப்பன்.

அலமாரியில் பன்னிரண்டு கப்புகள் கவிழ்ந்து கிடந்தன.

"பாட்டில் ரொம்பிருச்சு முதலாளி," என்றாள்.

"தரையில வை."

வெறும் லேபிளில் கையெழுத்துப் போட்டு, மேஜை விளிம்புக்குத் தள்ளினார். என்றைக்கும் அப்படித்தான். அவளே எடுத்து பாட்டிலில் ஒட்டினாள்.

"அண்ணே, கம்பத்துல புகார் குடுத்துட்டாங்க. இந்தத் தடவ ரிசல்ட் நேரா சுற்றுச்சூழல் இலாகாவுக்குப் போகுது," என்றான் ஷர்வின்.

"போகட்டும் லா! எங்க தண்ணியக் கோயில்ல தீர்த்தமாவே குடுக்கலாம்." சிரித்த மெய்யப்பன் அவள் பக்கம் திரும்பினார். "நீயாச்சும் ஒம்புருஷன் மாதிரி வால்வத் தொறந்துறாத."

அவள் தேநீர்ப் பையைப் பிரிக்காமலே குப்பையில் போட்டாள்.

பன்னிரண்டாம் நாள் அதிகாரிகள் வந்தார்கள். வால்வு அகப்பட்டது. கேட்டில் சீல் விழுந்தது. விலங்கு ஏறிய கையோடு மெய்யப்பன் அவளைப் பார்த்துக் கத்தினார்:

"நாதாரி! பைப் தண்ணிதானே ஊத்தச் சொன்னேன்!"

"அந்த வால்வு வாயிலதான் தண்ணி புடிச்சேன், முதலாளி," என்றாள் தினேஸ்வரி நிதானமாக. "என்ன நாத்தம்! மூடியத் தொறந்து ஒரு தடவ மோந்து பாத்திருந்தா தப்பிச்சிருப்பீங்க. நான் தொட்டதத்தான் நீங்க தொட மாட்டீங்களே!"